சின்னக் காரை வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவில் யாராவது கார் வாங்கப் போனால் துணைக்கு என்னை அழைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமாகிவிட்டது. நான் மெக்கானிக் இல்லை. விற்பனைப் பிரதிநிதி பேசும்போது வண்டி எழுப்பும் சத்தத்தைக் கேட்கும் பழக்கம் மட்டும் உண்டு. இதுவரை போனதெல்லாம் ஆல்டோ கே10, வேகன்ஆர், செலேரியோ, டியாகோ, கிராண்ட் ஐ10 நியோஸ், க்விட் போன்ற சின்ன ஹேட்ச்பேக் கார்களுக்குத்தான். அப்போதெல்லாம் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஓட்டிப் பார்க்கப் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஏதாவது உண்டா?

உண்டு. உங்கள் கார் ஒரு மாதத்தில் எங்கெங்கே போகும், யார் யார் ஏறுவார்கள், இரவில் எங்கே நிற்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் சித்தி மகள் இப்படி எழுதிவந்தாள்: தினமும் இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும், வாரம் ஒரு முறை மாமியாரை முழங்கால் சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும், மாதம் ஒரு முறை ஊருக்கு 90 கிலோமீட்டர், வீட்டு வாசலில் சாக்கடை மேல் போட்ட கல்லில் ஏற்றி, மதில் இடுக்கில் நுழைத்து நிறுத்த வேண்டும். அவளுக்கு எந்தக் கார் வேண்டும் என்பதில் பாதியை அந்தக் கடைசி வரியே முடிவு செய்துவிட்டது.

வாசலின் அகலத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமல் ஆல்டோ கே10-இன் அகலம் 1,490 மில்லிமீட்டர். ஸ்விஃப்டின் அகலம் 1,735. இரண்டையும் சின்னக் கார் என்றுதான் சொல்கிறோம், ஆனால் நடுவில் ஒரு சாண் அளவுக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. கதவைத் திறந்து இறங்கவும் இடம் வேண்டும் அல்லவா?

எல்லாச் சின்னக் கார்களும் ஏன் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே மாதிரி எஞ்சினோடு வருகின்றன?

வரிதான் காரணம். 2006 மத்திய பட்ஜெட்டில் 4 மீட்டருக்குக் குறைவான நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசிக்கு மேற்படாத எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். அன்றிலிருந்து தயாரிப்பாளர்கள் எல்லோரும் அந்தக் கோட்டுக்குள்ளேயே படுத்துப் புரள்கிறார்கள். ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக் கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. எஞ்சின் 998 அல்லது 1,197 சிசி என்று இருப்பதும், டிக்கி சட்டென்று முடிந்துவிடுவதும் இந்தக் கணக்கால்தான்.

ஷோரூமில் பத்து நிமிடம் ஓட்டக் கொடுக்கிறார்கள். அது போதுமா?

போதாது. அவர்கள் வைத்திருக்கும் பாதை பெரும்பாலும் மூன்று நான்கு கிலோமீட்டர் இருக்கும். வாசலிலிருந்து இடப்பக்கம் திரும்பி, நல்ல தார்ச்சாலையில் போய், ஒரு யூ-டர்ன் அடித்துத் திரும்பிவிடலாம். அந்தச் சாலையில் குழி இருக்காது, ஏற்றம் இருக்காது. மாட்டுவண்டியைக் கொடுத்தாலும் அங்கே சொகுசாகத்தான் போகும்.

முக்கால் மணி நேரமாவது கேளுங்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் கேட்டால் கிடைக்காது. வார நாளில் முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டால் பெரும்பாலும் கிடைக்கும். வண்டியை வீட்டுக்கே கொண்டுவரவும் பல விற்பனையகங்கள் சம்மதிக்கின்றன. அதுதான் நல்லது. வாசல் கல், தெருமுனைத் திருப்பம், பள்ளிக்கூடச் சாலையின் வேகத்தடை என்று நீங்கள் தினமும் படப்போகும் பாட்டை வண்டியும் ஒரு முறை பட்டுப் பார்க்கும்.

ஏற்றம் ஒன்று கட்டாயம் வேண்டும். நாங்கள் சேலத்துக்காரர்கள் என்பதால் ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஒரு தடவை ஏறிவிட்டு, நேரம் இருந்தால் ஏற்காடு அடிவாரத்துக்குப் போய் முதல் ஒன்றிரண்டு கொண்டை ஊசி வளைவுகள் வரை ஏற்றிப் பார்ப்போம். சென்னையில் ஏதாவது ஒரு வணிக வளாகத்தின் அடித்தள வாகன நிறுத்தத்துக்குள் இறங்கி ஏறினால் போதும். தஞ்சாவூர் மாதிரி சமவெளியில் இருப்பவர்களுக்கு ரயில்வே மேம்பாலம் இருக்கிறது.

எந்த நேரத்தில் போகலாம்?

கோடையில் மதியம் இரண்டு மணிக்கு, அதுவும் வெயிலில் நின்ற வண்டியில். ஏசியின் யோக்கியதை அப்போது தெரிந்துவிடும். சின்னக் கார்களில் பின்பக்கத்துக்குத் தனி ஏசி துவாரம் இல்லாதவையே அதிகம் என்பதால், பின்னால் இருப்பவருக்குக் காற்று வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இன்னொரு நாள் இருட்டிய பிறகு பத்து நிமிடம் ஓட்டுங்கள். முகப்பு விளக்கின் வெளிச்சம் பகலில் தெரியாது.

வண்டியைக் கிளப்பும் முன் எதைப் பார்ப்பது?

முதலில் பாட்டை நிறுத்துங்கள். ஏறி உட்கார்ந்ததும் திரையைத் தொட்டு ஏதாவது ஒன்றை ஒலிக்கவிடுவது விற்பனைப் பிரதிநிதிகளின் பழக்கம். அது உபசாரமா தந்திரமா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பிறகு இருக்கையை உங்கள் உயரத்துக்கு நகர்த்தி, கிளட்சை முழுவதும் மிதித்துப் பாருங்கள். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறதா? இடது காலை மிதிக்காத நேரத்தில் வைக்க இடம் இருக்கிறதா? சின்ன வண்டிகளில் இந்த இடத்தைத்தான் முதலில் காவு கொடுப்பார்கள். ஊருக்கு 90 கிலோமீட்டர் போய் இறங்கும்போது இடுப்பு வலித்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கும். வலப்பக்கம் திரும்பும்போது கண்ணாடியை ஒட்டிய தூண் எவ்வளவு தெருவை மறைக்கிறது என்றும் பாருங்கள். ஒரு ஸ்கூட்டர் முழுவதுமாக அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

வீட்டில் யார் யார் ஓட்டுவார்களோ அவர்கள் எல்லோரும் ஏறி உட்கார வேண்டும். அண்ணன் 5 அடி 11 அங்குலம், அண்ணி 5 அடி 1 அங்குலம் என்றால், உயரத்தை மாற்ற முடியாத இருக்கையில் இருவரில் ஒருவர் காலமெல்லாம் தலையணை போட்டுத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

மூன்று சிலிண்டர் எஞ்சின் அதிரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டியதில்லை, ஆனால் கையால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு 180 டிகிரி சுற்றும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் எரிந்து தள்ளும். மூன்று சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒரு முறைதான். தள்ளுதலுக்கு நடுவே இடைவெளி அதிகம். அதோடு, மூன்று பிஸ்டன்கள் மேலும் கீழும் போகும்போது எஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊஞ்சல் மாதிரி ஆடப் பார்க்கும். வேகம் எடுத்துவிட்டால் தெரியாது. சிக்னலில் நிற்கும்போதும், இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போதும் தெரியும். அதை அடக்குவது எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தாங்கிகளின் வேலை. அதை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி செய்கிறது.

ஆகவே வண்டியைக் கிளப்பி, கியரை நியூட்ரலில் வைத்து, ஏசியை முழுதாகப் போட்டு, ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள். கையை ஸ்டீயரிங் மேல் வையுங்கள், பிறகு கியர் தடியில், பிறகு கதவில். ஏசி கம்ப்ரசர் உள்ளே வரும் கணத்தில் ஒரு உலுக்கல் வரும். அது உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா? சிலருக்குத் தெரியவே தெரியாது. என் மாமாவுக்கு அது முதுகுத்தண்டில் ஏறியது. இறங்கி வந்து நான்கு சிலிண்டர் வண்டியைத்தான் வாங்கினார். ஆல்டோ கே10, செலேரியோ, டியாகோ, க்விட் எல்லாமே மூன்று சிலிண்டர் வண்டிகள். கிராண்ட் ஐ10 நியோஸ் நான்கு. வேகன்ஆரில் 998 சிசி என்றால் மூன்று, 1,197 சிசி என்றால் நான்கு. ஸ்விஃப்ட் 2024-இல் நான்கிலிருந்து மூன்றுக்கு மாறிவிட்டது. பழைய ஸ்விஃப்டை ஓட்டிய நினைப்பில் புதியதற்கு முன்பணம் கட்டாதீர்கள்.

பிக்கப் எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆளை ஏற்றித்தான். ஆல்டோ கே10-இன் எடை ஏறக்குறைய 750 கிலோ. நீங்களும் மெலிந்த விற்பனைப் பிரதிநிதியும் மட்டும் போனால் அது துள்ளிக்கொண்டு ஓடும். நான்கு பெரியவர்கள் ஏறினால் 260 கிலோ, அதாவது வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கூடுகிறது. பெரிய காருக்கு நான்கு பேர் ஒரு பொருட்டே இல்லை. சின்னக் கார் அதே நான்கு பேருக்கு வேறு வண்டியாகிவிடும்.

அதனால் குடும்பத்தோடு போங்கள். ஏசியைப் போட்டபடி, மேம்பால ஏற்றத்தின் நடுவில் வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியரில் மறுபடி இழுத்துப் பாருங்கள். திணறினால் முதல் கியருக்கு மாற வேண்டியிருக்கும். அதற்காக வண்டியைக் குறை சொல்ல முடியாது. தினமும் அந்த ஏற்றத்தில் நிற்பவர் நீங்கள்தானா என்பதுதான் கேள்வி. நெடுஞ்சாலையில் 60-இல் போய்க்கொண்டிருந்து ஒரு லாரியை முந்த 80-க்கு வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றும், எதிரே வண்டி வராத, காலியான சாலையில் மட்டும் பாருங்கள்.

ஏ.எம்.டி. கியர் வாங்கலாமா?

இதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லவே முடியாது.

இந்தியாவில் 2014-இல் செலேரியோவோடு பரவலான இந்த முறை, உண்மையில் சாதாரண கியர் பெட்டிதான். கிளட்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் உங்கள் கால், கைக்குப் பதிலாக ஒரு இயந்திரக் கை இருக்கிறது, அவ்வளவே. ஆகவே விலை குறைவு, மைலேஜும் பெரிதாக அடிபடாது. அந்தக் கை கிளட்சை விட்டுப் பிடிக்கும் இடைவெளியில் வண்டி ஒரு நொடி தயங்கும். உள்ளே இருப்பவர்களின் தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து, மாறும் நேரத்தில் காலைச் சற்றுத் தளர்த்தினால் அந்தத் தலையாட்டம் குறையும். பத்து நிமிடத்தில் இது கைவராது. அதனால்தான் முக்கால் மணி நேரம் கேட்கச் சொன்னேன்.

இரண்டு சோதனைகளை விட்டுவிடாதீர்கள். ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டருக்குக் கொண்டுபோகும் இடைவேளையில் வண்டி பின்னால் உருள்கிறதா என்று பாருங்கள். ஏற்றத்தில் பிடித்து நிறுத்தும் வசதி அந்த மாடலில் உண்டா என்றும் கேளுங்கள். இரண்டாவதாக, மாலை ஆறு மணி நெரிசலில் முன் வண்டியின் வாலைப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பாருங்கள். முழங்கால் வலிக்காக ஏ.எம்.டி. வாங்குகிறவர்களை நான் தடுப்பதில்லை. மலைச்சாலையில் தினமும் போகிறவர்களுக்கு சாதாரண கியரையே சொல்வேன்.

பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன்?

வேகத்தடையை வழக்கமான வேகத்தில் கடந்து பாருங்கள். நான்கு பேர் இருக்கும்போது அடிப்பக்கம் உரசினால் கீழே ஏதோ பலவீனமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, உங்கள் தெருவுக்கு அந்த வண்டி தாழ்வு என்று அர்த்தம். ஸ்டீயரிங், நிறுத்தும்போது விரலால் சுற்றும்படி இருந்தால் மட்டும் போதாது; 80 கிலோமீட்டர் வேகத்தில் கொஞ்சம் கனத்து நிற்க வேண்டும். அந்த வேகத்தில் ஒரு பஸ் உரசிக்கொண்டு முந்தும்போது வண்டி பக்கவாட்டில் தள்ளாடுகிறதா என்பதையும் கவனியுங்கள். வேகன்ஆர் போன்ற உயரமான வண்டிகளில் இது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

பிரேக்கை ஆளில்லாத சாலையில், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, 50-இல் அழுத்தமாக மிதித்துப் பாருங்கள். விற்பனைப் பிரதிநிதியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு முறை நான் சொல்ல மறந்துவிட்டேன்; அவர் மடியில் இருந்த காகிதங்கள் எல்லாம் பறந்தன.

பின் இருக்கையில் யாரை உட்காரவைப்பது?

உங்களையே. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கி, வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்காருங்கள். காரை வாங்குகிறவர் பின் இருக்கையில் உட்காருவதே கிடையாது, அங்கே உட்காருகிறவர்களின் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதும் கிடையாது. வாங்கி மூன்று மாதம் கழித்து வருகிற புகார்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

அம்மாவை அழைத்துப் போயிருந்தால், அவர் சேலையோடு ஏறி இறங்குவதை வெளியே நின்று பாருங்கள். தாழ்ந்த வண்டியில் முதலில் உட்கார்ந்து, பிறகு காலை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். இறங்கும்போது கதவின் மேல்பகுதியைப் பிடித்து உந்துகிறாரா, கையை நீட்டி உங்களைக் கூப்பிடுகிறாரா என்று பாருங்கள். வேகன்ஆரின் உயரம் 1,675 மில்லிமீட்டர். வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் அந்த வண்டி இத்தனை காலம் ஓடுவதற்கு அந்த உயரம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

ஓட்டிப் பார்த்தால் மைலேஜ் தெரியுமா?

தெரியாது. திரையில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஆல்டோ கே10 சாதாரண கியருக்கு அறிவிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 24.39 கிலோமீட்டர். அது ஆய்வகத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓடவிட்டு எடுத்த கணக்கு. மாடல்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட அது உதவும், மாதச் செலவைக் கணக்கிட உதவாது. எங்கள் வீட்டு 1 லிட்டர் வண்டி ஊருக்குள் 15 முதல் 17 வரைதான் கொடுக்கிறது. அதே மாடலை ஒரு வருடம் ஓட்டியவரைத் தேடிப் பிடித்து, முழுத் தொட்டி நிரப்பி மறுபடி முழுத் தொட்டி நிரப்பும் கணக்கில் எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்பதுதான் வழி.

சிஎன்ஜி வண்டி பார்க்கிறீர்கள் என்றால், கேஸ் சிலிண்டர் இடம்பிடித்திருக்கும் டிக்கியைத் திறந்து உங்கள் பெட்டியை வைத்துப் பாருங்கள். வேகன்ஆரின் 998 சிசி எஞ்சினில் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 67 குதிரைத்திறன் என்றால் சிஎன்ஜியில் 57 தான். ஏற்றத்தில் கேஸில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். கேஸ் சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனையும் உண்டு.

பாதுகாப்பை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியாது. கதவைச் சாத்தும்போது 'தொப்' என்று கனமாகக் கேட்டால் வண்டி உறுதி என்பது வெறும் நம்பிக்கை. மோதல் சோதனையின் முடிவைத்தான் படிக்க வேண்டும். 2014 ஜனவரியில் கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் பன்னாட்டு அமைப்பான குளோபல் என்கேப் முதன்முதலாக இந்தியக் கார்களின் முடிவுகளை வெளியிட்டபோது ஐந்து சின்னக் கார்களும் பூஜ்யம் வாங்கின. 2020-இல் டியாகோ நான்கு நட்சத்திரம் பெற்றது. 2023-இல் ஆல்டோ கே10 இரண்டும் வேகன்ஆர் ஒன்றும் வாங்கின. அப்போது அவற்றில் இரண்டு ஏர்பேக் மட்டுமே இருந்தன. 2025-இல் இரண்டுக்கும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது. ஏர்பேக் கூடினால் நல்லதுதான், அதற்காக ஆட்களைச் சுற்றியிருக்கும் உடற்கூண்டின் வலு மாறிவிடாது. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக்கே பாரத் என்கேப் என்ற மோதல் சோதனைத் திட்டம் இருக்கிறது. ஆனால் அது கட்டாயம் இல்லை என்பதால், நீங்கள் பார்க்கும் மாடல் அதில் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

நேரில் பார்க்கக்கூடியவையும் சில உண்டு. பின் இருக்கையின் தலைத்தாங்கி உயரமானவரின் கழுத்தோடு நின்றுவிடுகிறதா? பின்னால் நடுவில் இருப்பவருக்கு மூன்று முனை சீட் பெல்ட் உண்டா? குழந்தை இருக்கை வைத்திருந்தால் அதையும் எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள்.

எல்.எல்.ஆர். மட்டும் இருக்கிறது, ஓட்டத் தருவார்களா?

தரமாட்டார்கள், தரவும் கூடாது. உரிமம் உள்ள ஒருவரை அழைத்துப் போய், நீங்கள் பின்னால் உட்காருங்கள்.

ஓட்டிப் பார்த்தது பிடித்துவிட்டது. உடனே முன்பணம் கட்டிவிடலாமா?

ஒரு இரவு பொறுங்கள். நீங்கள் ஓட்டியது பெரும்பாலும் அந்த மாடலின் உச்ச ரகம். வாங்கப் போவது நடு ரகம் அல்லது கடைசி ரகம். என் பெரியப்பா மகனுக்கு ஒரு விற்பனையகத்தில் இப்படித்தான் ஆயிற்று. இருக்கையை உயர்த்தி, சுகமாக ஓட்டிப் பார்த்து, விலைப்பட்டியலில் 60,000 ரூபாய் குறைவான ரகத்துக்குக் கையெழுத்துப் போட்டான். வண்டி வந்த அன்று இருக்கையை உயர்த்தும் நெம்புகோலைத் தேடிக்கொண்டிருந்தான். பின் கண்ணாடித் துடைப்பானும் இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. வாங்கப்போகும் அதே ரகத்தில், ஓட்டக் கிடைக்காவிட்டாலும், ஐந்து நிமிடம் உட்கார்ந்தாவது பாருங்கள்.

ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. புதிய காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதை வெளியிலும் விலை கேட்டுப் பாருங்கள். 'கையாளும் கட்டணம்' என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். கேட்டவுடன் மறைந்துபோகும் வரி அது.

டெலிவரி அன்று என்ன பார்ப்பது?

டெலிவரி அன்று பார்ப்பது தாமதம். ஆர்.டி.ஓ.வில் பதிவாகும் முன்பே, வண்டி நிற்கும் கிடங்குக்குப் போய், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் பெயரில் எண் விழுந்த பிறகு வண்டியை மாற்றித் தருவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, விற்பனைச் சான்றான படிவம் 21-இல் இருக்கும் தயாரிப்பு மாதத்தோடும் ஆண்டோடும் ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3525 என்றால் 2025-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். நான்கு டயர்களிலும் அந்த எண் முன்பின்னாக நெருங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஒரு வருடம் பழையதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துப் பாருங்கள். பானெட்டைத் திறந்து திருகுகளில் பெயின்ட் உடைந்திருக்கிறதா, கதவுகளுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி இருபக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஓடிய தூரம் சில பத்துக் கிலோமீட்டர் இருந்தால் பரவாயில்லை. முந்நூறு காட்டினால் அது யாரோ ஓட்டிப் பார்த்த வண்டி. அந்த வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறு சேஸிஸ் எண் ஒதுக்கும் வரை மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.